ஒரு நாடு வருடத்துக்கு எத்தனை பேரை எடுக்கிறது? அவுஸ்திரேலியாவின் ஆள் கணக்கைப் பற்றி ஒரு பாடம்



கொஞ்ச நாளைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தி நேரம், பக்கத்து டிவிசனைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிப் பணம் அப்போதுதான் அவர் கைக்கு வந்திருந்தது. சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ஐயா, இதக் கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க. அவுஸ்திரேலியாவுக்கு ஒரு லட்சத்து எம்பத்தஞ்சாயிரம் பேர எடுக்குறாங்களாம். அதுல சிலோன் கோட்டான்னு ஒன்னு இருக்காம். நம்ம பயலுக்கு ஒரு எடம் புடிச்சி வச்சிருக்கேன்னு ஏஜென்சிக்காரரு சொல்றாரு. பழத்தோட்டத்துல வேல, போன ஒடனே நெரந்தர விசாவாம். பன்னெண்டு லட்சம் கேக்குறாரு. கொடுக்கலாமா?"

பத்திரிகையில் இருந்த எண் சரியான எண்தான். ஏஜென்சிக்காரர் சொன்ன மற்றக் கதைகள்தான் எனக்குச் சந்தேகமாக இருந்தன. "அண்ணே, ஒரு வாரம் பொறுங்க. விசாரிச்சிச் சொல்றேன்" என்று அவரை அனுப்பி வைத்தேன். அந்த ஒரு வாரம் தேடிப் படித்ததை இன்று உங்களுக்கும் பாடமாகத் தருகிறேன். வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

1. எண் எங்கிருந்து வருகிறது?

நம் தோட்டத்தில் வருடத் தொடக்கத்தில் துரை ஒரு எஸ்டிமேட் போடுகிறார். எத்தனை கிலோ கொழுந்து வரும், எந்த மலை கவ்வாத்துக்கு வருகிறது, ஸ்டோருக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறார். தோட்டத்தின் தேவைக்குப் போடும் கணக்கு அது. வேலை கேட்டு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை வைத்து யாரும் எஸ்டிமேட் போடுவதில்லை.

அவுஸ்திரேலியாவும் அப்படித்தான் செய்கிறது. அங்கே கணக்கு வருடம் ஜூலை 1இல் தொடங்கி அடுத்த ஜூன் 30இல் முடிகிறது. ஒவ்வொரு வருடத்துக்கும் எத்தனை நிரந்தர விசா கொடுப்பது என்று அரசாங்கம் முன்கூட்டியே தீர்மானிக்கிறது. அது நாலு படியாக நடக்கும்.

முதற்படி, கேட்பது. குடிவரவைக் கவனிக்கும் உள்நாட்டலுவல்கள் திணைக்களம் மாநில அரசுகள், முதலாளிமார் சங்கங்கள், தொழிற்சங்கங்கள், சமூக அமைப்புகள் எல்லோரிடமும் கருத்துக் கேட்கிறது. மாநிலங்கள் தமக்கு எத்தனை பேர், எந்த வேலைக்கு வேண்டும் என்று சொல்லும்.

இரண்டாம் படி, கணக்குப் பார்ப்பது. வருகிறவர்கள் எவ்வளவு வரி கட்டுவார்கள், அவர்களுடைய வைத்தியத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் எவ்வளவு செலவாகும் என்று திறைசேரி பார்க்கிறது. எந்தத் தொழிலுக்கு ஆள் தட்டுப்பாடு என்று ஆராய்ந்து சொல்ல 'ஜொப்ஸ் அன்ட் ஸ்கில்ஸ் அவுஸ்திரேலியா' என்ற நிறுவனம் 2022 முதல் இயங்குகிறது. வீடு போதுமா என்ற கேள்வியும் உண்டு. அங்கே இப்போது வீட்டு வாடகை பெரிய பிரச்சினை. ஆள் கூடினால் வாடகை ஏறும் என்று ஊர்மக்கள் சத்தம் போடுகிறார்கள். ஆள் குறைந்தால் ஆஸ்பத்திரிக்கு நேர்ஸ் இல்லை, வீடு கட்டத் தச்சர் இல்லை என்று முதலாளிமார் சத்தம் போடுகிறார்கள்.

மூன்றாம் படி, தீர்மானிப்பது. அமைச்சரவை கூடி எண்ணை முடிவு செய்யும். வழக்கமாக வரவு செலவுத் திட்டத்தோடு சேர்த்து அறிவிப்பார்கள். சில வருடம் பிந்தும். 2025-26க்கான எண் கணக்கு வருடம் தொடங்கிய பிறகு, 2025 செப்டெம்பரில்தான் அறிவிக்கப்பட்டது.

நாலாம் படி, பிரித்துக் கொடுப்பது. பெரிய எண்ணைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரிப்பார்கள். இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுதான்.

2. பெட்டிகளைத் திறந்து பார்ப்போம்

2024-25ஆம் வருடத்துக்கு மொத்தம் 185,000 இடம். அது இப்படிப் பிரிக்கப்பட்டது:

தொழில் திறமைப் பிரிவு – 132,200
குடும்பப் பிரிவு – 52,500
விசேட தகுதி – 300

தொழில் திறமைப் பிரிவுக்குள் இன்னும் பெட்டிகள் உண்டு. அங்குள்ள முதலாளி ஒருவர் பொறுப்பெடுத்துக் கூப்பிடுகிறவர்களுக்கு 44,000. மாநில அரசு பெயர் குறித்துக் கேட்கிறவர்களுக்கு 33,000. பெருநகரங்களுக்கு வெளியே உள்ள பிரதேசங்களுக்கு 33,000. யாருடைய பொறுப்பும் இல்லாமல் தன் திறமையை மட்டும் காட்டி விண்ணப்பிக்கிறவர்களுக்கு 16,900. மிச்சம் வியாபாரிகளுக்கும் விசேட ஆற்றல் உள்ளவர்களுக்கும்.

குடும்பப் பிரிவில் கணவன் அல்லது மனைவிக்கு 40,500, பெற்றோருக்கு 8,500, பிள்ளைகளுக்கு 3,000, ஏனைய உறவினருக்கு 500. இதில் வாழ்க்கைத் துணைக்கும் பிள்ளைகளுக்கும் போட்டிருப்பது ஒரு மதிப்பீடுதான். அவர்களுக்கு வரம்பு போட்டு நிறுத்த அங்குள்ள சட்டம் இடம் கொடுக்காது. பெற்றோருக்கு வரம்பு உண்டு.

2025-26க்கும் மொத்தம் அதே 185,000தான். அகதிகளுக்கும் மனிதாபிமான அடிப்படையில் ஏற்கப்படுகிறவர்களுக்கும் வேறு திட்டம் உண்டு. 2023-24 முதல் அதற்கு வருடம் 20,000 இடம். அது இந்த 185,000இல் சேராது.

இப்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, இந்தப் பெட்டிகளில் எதிலும் நாட்டின் பெயர் இல்லை. இந்தியாவுக்கு இத்தனை, சீனாவுக்கு இத்தனை, இலங்கைக்கு இத்தனை என்று பிரிக்கவே இல்லை. எந்த நாட்டவராக இருந்தாலும் அதே தகுதி, அதே வரிசை. ஆகவே 'சிலோன் கோட்டா' என்பது கட்டுக்கதை.

இரண்டு, இது தலைக்கணக்கு. தாய், தகப்பன், இரண்டு பிள்ளை போனால் நாலு இடம் கழியும். 16,900 இடம் என்றால் 16,900 குடும்பம் என்று நினைக்கக் கூடாது.

மூன்று, இந்த இடங்களில் பெரும் பகுதி ஏற்கெனவே அங்கே போய்ப் படிக்கிறவர்களுக்கும் தற்காலிக விசாவில் வேலை செய்கிறவர்களுக்கும் போகிறது. 185,000 பேரும் விமானம் ஏறிப் புதிதாக வந்து இறங்குகிறார்கள் என்று அர்த்தமில்லை.

பத்திரிகையில் சில வேளை வேறு பெரிய எண் ஒன்றும் வரும். 2022-23இல் அவுஸ்திரேலியாவுக்கு நிகரமாக 5 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தார்கள் என்று போட்டிருப்பார்கள். அது வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்த கணக்கு. மாணவர்களும் தற்காலிக வேலைக்காரரும் அதில் அடங்குவார்கள். நிரந்தரக் குடியேற்ற எண் வேறு, இது வேறு. ஏஜென்சிக்காரர்கள் இரண்டையும் குழப்பிக் காட்டுவார்கள்.

3. பெட்டிக்குள் யார் போகலாம்?

தொழில் திறமைப் பிரிவின் சில பெட்டிகளுக்குப் புள்ளி முறை உண்டு. அது 1979இல் தொடங்கியது, காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. தன் திறமையைக் காட்டி விண்ணப்பிக்கிறவர் 45 வயதுக்குக் குறைந்தவராக இருக்க வேண்டும். ஆகக் குறைந்தது 65 புள்ளி எடுக்க வேண்டும். அவருடைய தொழில் அவர்களுடைய பட்டியலில் இருக்க வேண்டும். அந்தத் தொழிலுக்குரிய அங்குள்ள சபை அவர் தகுதியைப் பரிசோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஐ.ஈ.எல்.ரி.எஸ். பரீட்சை என்றால் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஒவ்வொன்றிலும் 6 எடுக்க வேண்டும். அந்த 6க்குப் புள்ளியும் கிடைக்காது. அது வாசற்படி மட்டும்தான்.

ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். 28 வயது நேர்ஸ் ஒருவர், கலியாணம் ஆகாதவர். வயதுக்கு 30 புள்ளி. பட்டப்படிப்புக்கு 15. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றிலும் 7 எடுத்தால் 10. வெளிநாட்டில், அதாவது இங்கே, 5 வருட அனுபவத்துக்கு 10. தனி ஆளாக இருப்பதற்கு 10. மொத்தம் 75. இவர் விருப்பத்தைப் பதியலாம். ஆனாலும் அழைப்பு வரும் என்று உறுதியில்லை. கூடப் புள்ளி உள்ளவர்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஆகவே 65 எடுத்தவர் பல வருடம் காத்திருந்தும் அழைப்பு வராமல் போகலாம்.

25 வயது முதல் 32 வயது வரைக்கும்தான் வயதுக்குக் கூடிய புள்ளி. ஏன் தெரியுமா? அந்த வயதில் வருகிறவர் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்து வரி கட்டுவார். முன்பு சொன்ன திறைசேரிக் கணக்கு இதற்குள் ஒளிந்திருக்கிறது.

பழம் பறிப்பதற்கும் கொழுந்து பறிப்பதற்கும் இந்த நிரந்தரத் திட்டத்தில் தனிப் பெட்டி கிடையாது. பழத்தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கும் பெரிய திட்டம் ஒன்று அங்கே இருப்பது உண்மை. அது தற்காலிக வேலைத் திட்டம். பசிபிக் தீவு நாடுகள் ஒன்பதுக்கும் கிழக்குத் திமோருக்கும் மட்டும் உரியது. இலங்கை அதில் இல்லை. 2024இல் குலுக்கல் முறையில் ஒரு நிரந்தர விசாவும் தொடங்கினார்கள், வருடம் 3,000 பேர் வரை. அதுவும் பசிபிக் நாடுகளுக்கும் கிழக்குத் திமோருக்கும்தான். 'லொத்தரில் உங்கள் பெயர் விழுந்திருக்கிறது' என்று யாராவது அவுஸ்திரேலியாவின் பெயரால் சொன்னால் நம்ப வேண்டாம்.

கடல் வழி பற்றியும் சொல்ல வேண்டும். விசா இல்லாமல் படகில் வருகிறவர்களை அங்கே குடியேற விடுவதில்லை என்ற கொள்கை 2013 முதல் நடைமுறையில் இருக்கிறது. திருப்பி அனுப்புவார்கள். படகுக்குக் கட்டிய காசும் போகும், உயிருக்கும் ஆபத்து.

4. வரிசை என்றால் என்ன?

லயத்துப் பீலியில் காலையில் தண்ணீர் வருவது ஒரு மணித்தியாலம். குடம் வைத்திருப்பவர்கள் நாற்பது பேர். இருபது குடம் நிறைந்ததும் தண்ணீர் நின்றுவிடும். மற்ற இருபது குடமும் அடுத்த நாளைக்கு. அடுத்த நாள் புதிதாக இன்னும் இருபது குடம் வரும். வரிசை குறையவே குறையாது.

பெற்றோர் விசா இதற்கு நல்ல உதாரணம். வருடம் 8,500 இடம். காத்திருப்பவர்கள் ஓர் இலட்சத்துக்கு மேல். கட்டணம் குறைந்த பெற்றோர் விசாவுக்கு இப்போது விண்ணப்பித்தால் 30 வருடம் போல் காத்திருக்க வேண்டி வரும் என்று அந்தத் திணைக்களமே சொல்கிறது. அறுபது வயதுத் தாய் தொண்ணூறு வயதில் போக முடியுமா? "மகன் போனால் பின்னால் நாங்களும் போவோம்" என்று வீட்டையும் காணியையும் விற்க நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

5. எண் மாறும், கொள்கையும் மாறும்

அவுஸ்திரேலியா 1901இல் ஒரு சட்டம் போட்டது. வெள்ளையர் அல்லாதவர் வந்தால் ஐரோப்பிய மொழி ஒன்றில் சொல்வதெழுதல் வைப்பார்கள். எந்த மொழி என்பதை அதிகாரியே தீர்மானிப்பார். வேண்டாதவரைத் தோற்கடிப்பதற்காக வைத்த பரீட்சை அது. 1958இல்தான் அது ஒழிந்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் 1945இல் ஆர்தர் கோல்வெல் முதலாவது குடிவரவு அமைச்சரானார். குடியேற்றத்தால் வருடம் நூற்றுக்கு ஒரு வீதம் சனத்தொகை கூட வேண்டும் என்று அவர் இலக்கு வைத்தார். அப்போதும் ஐரோப்பியரைத்தான் தேடினார்கள். நிறம் பார்க்கும் கொள்கையின் மிச்ச சொச்சமும் 1973இல் நீங்கியது. நம் நாட்டவர்கள் இன்று அங்கே சமமாக விண்ணப்பிக்க முடிவது அதனால்தான்.

எண்ணும் ஏறி இறங்குகிறது. 2018-19இல் உச்ச வரம்பு 190,000. அடுத்த வருடம் 160,000 ஆகக் குறைத்தார்கள். கொரோனாவுக்குப் பிறகு ஆள் தட்டுப்பாடு வந்தது. 2022-23இல் 195,000 ஆக ஏற்றினார்கள். பிறகு 190,000, பிறகு 185,000. கனடாவிலும் இதே கதை. அங்கே அமைச்சர் வருடாவருடம் பாராளுமன்றத்தில் எண்ணைச் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 2025இல் 500,000 பேரை எடுப்போம் என்று முதலில் சொன்னவர்கள், 2024 ஒக்டோபரில் அதை 395,000 ஆக வெட்டினார்கள். அங்கேயும் வீட்டுப் பிரச்சினைதான் பெரிய காரணம்.

ஆகவே போன வருட எண்ணைக் காட்டி இந்த வருடம் காசு கேட்கிறவரை நம்பி நகையை அடகு வைக்கக் கூடாது.

6. நமக்கு இது புதிதா?

ஆட்களை எண்ணிக்கையாகப் பிரிப்பது என்றால் என்ன என்று நம் மக்களுக்குத் தெரியும். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்டபோது நாம் 975,000 பேர் என்று கணக்குப் போட்டார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் 75,000 வீதம் பாதி பாதியாக்கினார்கள். அந்தக் கணக்கில் அண்ணன் ஒரு பக்கம், தங்கை ஒரு பக்கம் போன குடும்பங்கள் எல்லா லயத்திலும் இருந்தன. "நீ போறியா இருக்கிறியா" என்று நம்மை யாரும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அந்த எண்ணை எழுதவில்லை.

அவுஸ்திரேலியா செய்வது அப்படிப்பட்ட பிரிவினை அல்ல. யாரையும் அது வெளியே அனுப்பவில்லை, வர விரும்புகிறவர்களில் தெரிவு செய்கிறது. ஆனாலும் ஒரு பாடம் இரண்டுக்கும் பொது. அரசாங்கம் போடும் எண்ணை, அந்த அரசாங்கத்தின் தேவை என்ன என்று கேட்டுத்தான் படிக்க வேண்டும். அன்று நமக்கு எண்ணைப் படித்துச் சொல்ல ஆள் குறைவு. இன்று நம் வீட்டிலேயே படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

7. ஏஜென்சிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

அ. எந்த விசா? அதன் பெயரும் எண்ணும் என்ன? எந்தப் பெட்டியில் வருகிறது? எழுத்தில் தாருங்கள்.

ஆ. என் பிள்ளையின் தொழில் எது? அதை எந்தச் சபை பரிசோதித்தது? அந்தக் கடிதம் எங்கே?

இ. இந்தக் காசில் எவ்வளவு அரசாங்கக் கட்டணம், எவ்வளவு உங்கள் கூலி? அரசாங்க ரசீது தருவீர்களா?

விருப்பத்தைப் பதிவதற்கு அவுஸ்திரேலிய அரசாங்கம் காசு வாங்குவதில்லை. ஏஜென்ட் இல்லாமலும் நேரடியாக விண்ணப்பிக்கலாம். 'இடம் பிடித்து வைத்திருக்கிறேன்' என்று சொல்லும் அதிகாரம் எந்த ஏஜென்டுக்கும் கிடையாது. எந்த நாட்டுக்கானாலும் வேலை என்று சொல்லிக் கூப்பிட்டால், அந்த ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலை பதிவாகியிருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்குப் பேசிக் கேளுங்கள்.

8. பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போக நினைக்கிற பிள்ளை பெட்டியை முதலில் பார்க்க வேண்டும். அதற்குள் போகச் சாவி மூன்று: ஒரு தொழில், அதற்கு ஒரு சான்றிதழ், ஆங்கிலம். சாதாரண தரத்தோடு நின்ற பிள்ளையும் வெல்டிங், மின்சார வேலை, தச்சு வேலை படித்து தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். அதற்குப் பிறகு சில வருட அனுபவம் வேண்டும். அந்தச் சான்றிதழ் மட்டும் விசா வாங்கித் தராது. ஆனால் வெளிநாடு சரிவராவிட்டாலும் அது கையில் இருக்கும். ஹற்றனிலும் கண்டியிலும் கொழும்பிலும் அதற்கு வேலை உண்டு. ஏஜென்சிக்குக் கட்டிய பன்னிரண்டு இலட்சம் அப்படிக் கையில் நிற்காது.

அந்தப் பெரியவர் அடுத்த ஞாயிறு வந்தார். பெட்டிகளை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "இதுல நம்ம பய எந்தப் பெட்டியிலயும் இல்லையே ஐயா" என்றார். பிறகுதான் தயங்கித் தயங்கிச் சொன்னார், ஐம்பதாயிரம் ரூபாய் முற்பணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று. மூன்று கேள்வியையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். மகன் போன் பண்ணிக் கேட்டிருக்கிறான். "பெரிய ஐயாவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்று வைத்தவர் திரும்ப எடுக்கவே இல்லை. ஐம்பதாயிரம் இன்னும் வரவில்லை. பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறோம். மிச்சப் பணம் வங்கியில் இருக்கிறது. மகன் இப்போது மின்சார வேலை படிக்கப் பேர் கொடுத்திருக்கிறான்.

வீட்டில் பேசிப் பாருங்கள்:

1. 185,000 இடத்தில் குடும்பப் பிரிவுக்கு எத்தனை? அதில் பெற்றோருக்கு எத்தனை?
2. அவுஸ்திரேலியா ஏன் இளவயதினருக்குக் கூடப் புள்ளி கொடுக்கிறது?
3. நம் லயத்தில் யாராவது வெளிநாட்டுக்கென்று முற்பணம் கொடுத்திருக்கிறார்களா? ஏஜென்டிடம் மூன்று கேள்வியையும் கேட்டார்களா?

மூன்றாவது கேள்விக்கு "ஆம், கொடுத்திருக்கிறார்கள்" என்பது பதிலானால், மேற்கொண்டு காசு கொடுப்பதற்கு முன் அவர்களை ஒரு தரம் நலன்புரிக் காரியாலயத்துக்கு வந்து போகச் சொல்லுங்கள். பத்திரிகைத் துண்டையும் ரசீதையும் கையோடு கொண்டுவரட்டும்.